எடுக்கக் கூடாத அழைப்பு

மேற்குத் தாம்பரத்தில் பேட்டரிக் கடை ஒன்றின் மாடியில், காலை வேளைகளில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். மற்ற நேரங்களில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு தொழில் ஆகும். ஆங்கிலத்தில் பேசிப் பிழைக்கும் வாய்ப்பு எனக்கே அதிகம் வாய்த்ததில்லை. ஆனால் நீச்சல் தெரியாதவன்தான் கரையில் நின்றுகொண்டு நிதானமாகச் சொல்லித்தர முடியும் என்று ஒரு நம்பிக்கை.

அன்று கரும்பலகையில் நான் எழுதியிருந்தது ‘பிக் அப்’. ஆங்கில வினைச்சொற்கள் தனியாக இருக்கும்வரை சாதுவானவை. வாலில் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால் குணம் மாறிவிடும். தாம்பரத்துக்காரர்களுக்கு ‘பிக் அப்’ சொல்லித்தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியம் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

“இன்னா சார், நாள் பூரா பிக்கப்பு, டிராப்புன்னுதான் சுத்திகினு கீறேன். இதுக்கும் பாடமா?” என்றார் கால் டாக்ஸி ஓட்டும் மாணவர். வகுப்பிலேயே பெரியவர் அவர்; கடைசி பெஞ்சுதான் அவருடைய இடம்.

“அது ஒரு அர்த்தம்தான். இன்னும் நிறைய இருக்கு.”

“நம்ம வண்டில பிக்கப் இல்ல சார். மேம்பாலம் ஏற்றதுக்குள்ள இருமுது. அதுவா?”

“அதுவும்தான்.”

வகுப்பு சிரித்தது. நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனேன். கீழே விழுந்ததைக் குனிந்து எடுப்பது. ஸ்டேஷன் வாசலில் நிற்பவரை ஏற்றிக்கொள்வது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பாக்கெட் பால் வாங்கிக்கொள்வது. யாரும் சொல்லித்தராமலே ஒரு பாஷை காதில் விழுந்து ஒட்டிக்கொள்வது. ஜலதோஷமும் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலேயர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல் போதும். படுத்துக் கிடந்த வியாபாரம் எழுந்து உட்காருவது. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வது. கடைசிக்கு மட்டும் உதாரணம் கேட்டபோது யாரிடமிருந்தும் வரவில்லை. என்னிடமும் இல்லை. பலகையை அழித்துவிட்டு, “அடுத்தது, போனை எடுப்பது” என்றேன்.

அந்த நேரம் பார்த்து மேசை மேலிருந்த என் போன் அடித்தது. அண்ணன்.

அண்ணனுக்கும் எனக்கும் இருந்த ஏற்பாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறார். மகன் வெளிநாட்டில். அண்ணி இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அண்ணனுக்கும் எனக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் அதைச் சாக்கிட்டாவது பேசியிருப்போம். எங்கள் வீட்டில் ஆண்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது பெண்கள் வழியாகத்தான். “அவனுக்கு ஜுரம் விட்டுதான்னு கேளு” என்று அம்மாவிடம் சொல்வார் அண்ணன். அம்மா என் பக்கம் திரும்பி, “ஜுரம் விட்டுதாடா?” என்பாள். “விட்டுடுச்சுன்னு சொல்லும்மா” என்பேன். அண்ணன் அதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மாவுக்குப் பிறகு அந்த வேலையை அண்ணி எடுத்துக்கொண்டார். அண்ணியும் போனபின் எங்கள் நடுவில் ஆள் இல்லாமல் போயிற்று.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய அன்று அண்ணன் கேட் வரை வந்தார். நடைபாதையில் கிடந்த ஒரு காய்ந்த மாலையைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

“தினம் காலைல எழுந்ததும் உனக்கு ரெண்டு ரிங் விடறேன். நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீ எடுக்காதே.”

“எடுத்தா என்ன?”

“எடுத்தா என்னடா பேசறது?”

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

“நீயும் திருப்பி ரெண்டு ரிங் விடு. நானும் எடுக்க மாட்டேன்” என்றார்.

மிஸ்டு கால் என்பது போனில் பேசக் காசு கணக்குப் பார்த்த காலத்தில் நம் ஜனங்கள் உண்டாக்கிய மொழி. வீடு வந்து சேர்ந்தேன், கீழே இறங்கி வா, பஸ் கிளம்பிவிட்டது எல்லாவற்றையும் எடுக்கப்படாத மணியிலேயே சொல்லிவிடுவோம். இப்போது நாள் முழுக்கப் பேசினாலும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. நாங்கள் இருவரும் மட்டும் பழைய மொழியை விடவில்லை. அவர் இரண்டு மணி, நான் இரண்டு மணி. “ரெண்டு பேரும் வாயை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?” என்று என் மனைவி கேட்பாள். ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்த ஏற்பாடு என்பதால் அவள் கிண்டலை நான் பெருமையோடு கேட்டுக்கொள்வேன்.

வழக்கமாக நான் காபி குடிக்கும்போது வரும் மணி அன்று வகுப்பின் நடுவில் வந்தது. நேரம் தவறியதும், இரண்டு மணியோடு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்ததும் எனக்கு உறைக்கவில்லை.

“சார், போன் அடிக்குது” என்றது முன் பெஞ்சு.

“அது எடுக்கக் கூடாத போன்.”

“நல்லா கீதே சார் நாயம்! எங்களுக்கு எடுன்னு பாடம், உங்களுக்கு எடுக்கக் கூடாதா?” என்றார் டாக்ஸிக்காரர். வகுப்பு முழுக்க, “பிக் அப் சார், பிக் அப்!” என்று தாளம் போட்டது. ஆசிரியர்களுக்கு வரும் கெட்ட நேரங்களில் இது ஒன்று: மாணவர்கள் முதல்முறையாகப் பாடத்தைச் சரியாகப் பயன்படுத்துகிறார்கள். நான் வீறாப்பாகப் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

அண்ணன் அதை எதிர்பார்க்கவில்லை. போன் அவர் காதில் இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு கருவி விட்டுவிட்டுக் கத்தியது. ஒரு பெண் குரல், “ஐயா, போனை அப்புறம் பாத்துக்கலாம், கையை நீட்டுங்க. பிபி பாக்கணும்” என்றது. அண்ணனின் குரல், இரைத்துக்கொண்டே, “ஒரு நிமிஷம்மா. தம்பிக்கு ரெண்டு ரிங் விட்டுடறேன். இல்லன்னா கவலைப்படுவான்” என்றது. பிறகு துண்டித்துவிட்டார்.

நான் உடனே கூப்பிட்டேன். மணி அடித்தது; அவர் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. என் அழைப்பைப் பதில் மணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சொன்ன சொல் தவறாத மனிதர். நான் நாள் முழுக்க அடித்தாலும், ‘இன்றைக்கு இவனுக்கு என்ன ஆயிற்று, எண்ணத் தெரியாமல் அடிக்கிறான்’ என்றுதான் நினைப்பார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு வகுப்பு அடங்கிவிட்டது. டாக்ஸிக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எங்க சார் போணும்?” என்றார். சிட்லபாக்கம் என்றேன்; வண்டியை எடுத்தார்.

சிட்லபாக்கத்தில் அண்ணன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. மாடியில் வாடகைக்கு இருக்கும் அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரில சேர்த்து நாலஞ்சு நாளாச்சே சார். பள்ளிக்கரணை பக்கம். ராத்திரி மூச்சு வாங்குதுன்னாரு, எங்க வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போனாரு. நெஞ்சுல அடைப்பாம், ஆபரேஷனாம். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா.”

“என்ன சார் இது? உங்களுக்கு நாங்க சொல்லட்டுமான்னு கேட்டதுக்கு, தம்பிகிட்ட தினமும் போன்ல இருக்கேன்னாரே!” அவர் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். “அப்ப தினமும் என்னதான் பேசிக்கிட்டீங்க?”

நல்லா இருக்கேன் என்ற செய்தி ஒவ்வொரு நாளும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும்கூட, எனக்குக் கிடைத்திருக்கிறது. நானும் பெற்றுக்கொண்டதற்கு ரசீது போல மணி அடித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. கீழே சதுப்பு நிலம், நாணல், தேங்கிய நீரில் நின்றுகொண்டிருந்த சில வெள்ளைப் பறவைகள். சட்டையில்லாமல் பச்சை அங்கியில் அண்ணனை நான் பார்த்ததே இல்லை. தோள் இவ்வளவு சிறியதா என்று இருந்தது.

“நீ எதுக்கு வந்தே? கிளாஸ் இல்லையா?” என்றார்.

“போனை எடுத்துட்டேன்.”

“எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன் இல்ல?” உண்மையாகவே கோபப்பட்டார். கோபம் பாதியில் மூச்சிரைப்பாக மாறிவிட்டது.

“ஏன் அண்ணா சொல்லல?”

“நீ கேக்கலையே.”

ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “அது என்ன பறவை?” என்றார். தெரியாது என்றேன். “இவ்வளவு புஸ்தகம் படிக்கறே” என்றார். படித்ததில் பறவை வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பெயர் தெரியாத அந்தப் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மகனுக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. புது வேலை, சொன்னால் விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிடுவான் என்றார். மகனுக்கு நான் போன் செய்து சொன்னேன். டாக்டர் இளம் வயதுக்காரர். சர்க்கரை இருப்பதால் பைபாஸ் கொஞ்சம் சிக்கல்தான், ஆனால் தள்ளிப்போட முடியாது என்றார். மறுநாள் காலை என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது அண்ணன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. மோட்டரைப் பற்றி மட்டும் நீளமாகச் சொன்னார்.

“காலைல எழுந்ததும் மோட்டர் போடு. மாடில குழந்தைங்க இருக்கு, தண்ணி இல்லாமப் போயிடக் கூடாது. போட்டுட்டு அங்கேயே நில்லு. உன்னை மாதிரி புஸ்தகத்தை எடுத்துட்டு உக்காந்துடாதே. டேங்க் நிரம்பி வழிஞ்சா தெருவுல போறவன் எல்லாம் காறித் துப்புவான். ஏரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கோடைல லாரித் தண்ணிக்கு நின்ன தெரு இது. புரியுதா?”

“புரியுது.”

“என்ன புரியுது, சொல்லு.”

“போட்டுட்டு அங்கேயே நிக்கணும்.”

திருப்தியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டார். அவர் என்னிடம் நேரடியாக இவ்வளவு நேரம் பேசியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. “வரேன் அண்ணா” என்றேன். அவர் கையை மட்டும் அசைத்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள். நானும் மனைவியும் ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மயக்கம் தெளிய நேரமாகும், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். அன்றும் அண்ணன் வீட்டிலேயே படுத்தேன். மறுநாள் காலையில் மோட்டரைப் போட்டுவிட்டு, சொன்னபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறார், உடனே வாருங்கள்.

டாக்டர் தன் அறைக்குள்கூடக் கூப்பிடவில்லை. நடையிலேயே நின்று சொன்னார். “சார், சர்ஜரில ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா பேஷண்ட் இன்னும் பிக்கப் ஆகல. மயக்க மருந்தை நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. கூப்பிட்டா கண்ணைத் திறக்கணும், கையை அழுத்துங்கன்னா அழுத்தணும். ஒண்ணும் இல்ல. முழிக்காம மூச்சுக் குழாயை எடுக்க முடியாது. இன்னிக்குள்ள முழிக்கலன்னா தலைக்கு ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்.”

பலகையில் எழுதியவற்றில் இந்த அர்த்தத்தைப் படுத்த வியாபாரத்துக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். மனிதனுக்கும் அதே சொல்தான் என்று அகராதிகள் எல்லாம் சொல்கின்றன. அகராதியில் அந்த மனிதன் யாருடைய அண்ணனும் இல்லை.

“நீங்க உள்ள போய்ப் பேசிப் பாருங்க” என்றார் டாக்டர். “பழகின குரல் கேட்டா சில பேர் முழிச்சுப்பாங்க.”

பழகின குரல். அண்ணனுக்குப் பழகிய குரல்கள் இரண்டு. இரண்டும் இப்போது இல்லை. மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். மீதி நான்தான். என்னுடைய மணி அவருக்குப் பழக்கம்; குரல் பழக்கமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி உள்ளே அனுப்பினார்கள். வாயில் குழாய். அதை ஒட்டிய பிளாஸ்திரியின் கீழே வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. மார்பு கருவியின் கணக்குப்படி ஏறி இறங்கியது.

“அண்ணா” என்றேன்.

ஒன்றுமில்லை.

“சத்தமா சார்” என்றார் நர்ஸ். “முகமூடிக்குள்ளயே பேசறீங்க.”

“அண்ணா, நான்தான் வந்திருக்கேன்.” நான்தான் என்றால் யார்? அதற்கு மேல் என்ன சொல்வது? எழுதிப் பிழைக்கிறவன்; பேசக் கற்றுத்தருகிறவன். இரண்டு வாக்கியத்தில் வற்றிவிட்டேன். வாசலில் மனைவி நிற்கிறாள் என்றேன். பையன் வந்துகொண்டிருக்கிறான் என்றேன். பிறகு, எந்த யோசனையும் இல்லாமல், அண்ணியைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு என்மேல் கோபம் என்று நான் நினைத்த ஒரு தீபாவளிக்கு, அண்ணி தனியாக என் வீட்டுக்கு வந்து, ‘உங்க அண்ணா கோவமா இல்ல, அவருக்கு மூஞ்சியே அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னேன். அண்ணி இறந்தபிறகு அந்த வீட்டுக்குள் வர எனக்குத் தயக்கமாக இருந்தது, உங்களோடு பேச யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றேன். இவ்வளவையும் ஒரு மனிதர் முகத்துக்கு நேரே, அவர் எழுந்து போக முடியாத நிலையில் சொல்வது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பேசிட்டே இருங்க சார், நிறுத்தாதீங்க.”

எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வீட்டு விவகாரத்துக்கு வந்தேன். “மாடில எல்லாரும் நல்லா இருக்காங்க. பேப்பரை எடுத்து வெச்சிருக்கேன். தெருவுல திரும்பவும் தோண்டிப் போட்டிருக்கான். செடிக்குத் தண்ணி ஊத்தினேன். காலைல நீங்க சொன்ன மாதிரியே மோட்டர் போட்டேன், போட்டுட்டு அங்கேயே…”

பேச்சை நிறுத்திவிட்டேன். அங்கேயே நின்றேன், போன் வந்தது, ஓடி வந்துவிட்டேன்.

“அண்ணா,” என்றேன், “மோட்டரை நிறுத்தினேனான்னு ஞாபகம் இல்ல.”

முதலில் புருவம் நெரிந்தது. நான் பார்த்தது சரிதானா என்று குனிந்தேன். கண் இமை கொஞ்சமாகப் பிரிந்தது. உள்ளே இருந்த கண் என்மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்த வலது கை எழும்ப முயன்றது. முடியாமல் விழுந்தது. பிறகு ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்து, கீழ்நோக்கி ஒரு தடவை அழுத்தியது. இன்னொரு தடவை.

“என்ன சார் சொல்றாரு?” என்றார் நர்ஸ்.

“ஸ்விட்சை ஆஃப் பண்ணச் சொல்றாரு.”

நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நடையில் நின்று மாடி வீட்டம்மாளுக்குப் போன் செய்தேன். மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார். “நானே கூப்பிடணும்னு இருந்தேன் சார்! பூட்டிட்டுப் போயிட்டீங்க, மோட்டர் ஓடிட்டே இருக்கு, தெருவே ஆறா ஓடுது. எங்க வீட்டுக்காரர் மெயினை இழுத்து விட்டுட்டாரு. எதிர் வீட்டுக்காரர் என்னா பேச்சுப் பேசறாரு தெரியுமா?” என்றார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்து அழ ஆரம்பித்தாள். போனைக் கையால் மூடிக்கொண்டு, நல்ல சேதிதான் என்று அவளுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். அதிகம் பேச விடாதீர்கள் என்று சொல்லித்தான் என்னை உள்ளே அனுப்பினார்கள். அண்ணனின் குரல் மணல்மேல் இழுத்த பலகை போல இருந்தது.

“நிறுத்தினியா?”

“மாடி வீட்டுக்காரர் நிறுத்திட்டாரு.”

“எவ்வளவு நேரம் ஓடுச்சு?”

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். “ரொம்ப நேரம்” என்றேன்.

ஆரம்பித்தார். மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டார். கவனம் என்பது கிடையாதா என்றார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நான் குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னார். தெருவில் இனி எப்படித் தலைகாட்டுவது என்றார். எதிர் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அதற்கும் என்னைத் திட்டினார். நர்ஸ் வந்து ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, போதும் ஐயா, நாளைக்குப் பேசிக்கலாம் என்றார். அண்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டு, “நாளைக்கும் பேசுவேன்” என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.